அச்சேறாத கதைக்கு யார் பரிசு கொடுப்பது?

இலக்கியப் பரிசுகளுக்கு நூல் தெரிவுசெய்யும் நடுவர்களுக்கும், அந்தப் பரிசுகளை நிறுவி நடத்தும் சங்கத்தார், அறக்கட்டளையினர், அரச அலுவலர் எல்லோருக்கும்,



என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற சிறுகதை தினகரனில் வெளிவந்தது 1961இல். அந்தப் பெயரைத் தாங்கிய அவருடைய தொகுதி வெளிவந்தது 1980இல். இலங்கை அரசின் சாகித்திய மண்டலப் பரிசு அதற்குப் பிறகுதான் கிடைத்தது. நடுவில் கிடக்கும் பத்தொன்பது வருடத்தைப் பற்றிப் பேசவே இந்த மடல்.

அந்தக் காலத்தில் இராமையா கொழும்பில் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கதை எப்பேர்ப்பட்டது என்பது வாசித்தவர்களுக்கு 1961இலேயே தெரியும். மலையகச் சிறுகதையைப் பற்றிப் பேச வந்த எவரும் அதைத் தொடாமல் போனதில்லை. இருந்தும் பரிசுக் குழுவின் மேசைக்கு வர அதற்கு அட்டையும் தையலும் வேண்டியிருந்தன. அவற்றைக் கொடுத்தவர் மு. நித்தியானந்தன். அவருடைய வைகறை பதிப்பகம் 1979இல் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', 1980இல் இராமையாவின் தொகுதி, 1981இல் சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' என்று அடுத்தடுத்து மூன்றைக் கொண்டுவந்தது. முதல் இரண்டுக்கும் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. நித்தியானந்தன் விரிவுரையாளர், புத்தகம் விற்றுப் பிழைத்தவர் அல்லர். அவருக்கு அந்த எண்ணம் வராமல் போயிருந்தால் இரண்டு பரிசும் வேறெங்கோ போயிருக்கும். யாரும் அநியாயம் என்று சொல்லியிருக்கவும் முடியாது, ஏனென்றால் மேசையில் நூலே இருந்திருக்காது.

பரிசே வேண்டாம் என்று சொல்கிற ஆளல்ல நான். ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். மேடையில் பெயர் வாசிக்கப்பட்டதும் பின்வரிசைப் பிள்ளையின் முகம் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். பெரியவர்களுக்கும் அப்படித்தான். டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' 1961இல் சாகித்திய மண்டலப் பரிசு வாங்கியது. யாழ்ப்பாணத்துச் சிகையலங்காரக் கடையில் கத்தி பிடித்த கை எழுதிய புத்தகம் அது. 'இழிசனர் இலக்கியம்' என்று அந்த எழுத்தைப் பழித்தவர்கள் இருந்தார்கள். அவர்களோடு பக்கம் பக்கமாக வாதாடியும் தீராத வழக்கை ஓர் அரச சான்றிதழ் பாதி தீர்த்து வைத்தது. முத்திரைக்கு அந்தச் சக்தி உண்டு. இல்லையென்றால் உங்களுக்கு எழுதுவானேன்?

மலையகத்தில் அந்த முத்திரைக்கு இன்னொரு கனமும் இருக்கிறது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. தலவாக்கலைத் தொகுதியிலிருந்து போனவர் சி.வி. வேலுப்பிள்ளை, மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த கவிஞர். மறுவருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தெரிவுசெய்த மக்கள் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்தப் பிரிப்பு இழுபட்டுக்கொண்டே போய், எஞ்சியவர்களுக்கு ஒரு முடிவு காணும் சட்டம் வர 2003 ஆயிற்று. இதற்கு நடுவில், லயத்தில் பாதிப் பேர் கடவுச்சீட்டுக்கும் பிரஜாவுரிமைக்கும் காத்திருந்த நேரத்தில், 'நாமிருக்கும் நாடே' என்று பெயர் வைத்த புத்தகத்துக்கு இலங்கை அரசு பரிசு கொடுத்தது. நடுவர் குழுவில் யாராவது அட்டையைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தார்களா, நெளிந்தார்களா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. எப்படியோ, கொடுத்தார்கள். கொடுத்தது பெரிய காரியம்.

அதே வருடங்களில்தான் ஹட்டனிலும் நானுஓயாவிலும் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, வாசகர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். எழுத்தாளர்களும் போனார்கள். ஒரு நாட்டின் புத்தகப் பண்பாட்டைப் பற்றி மேடையில் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரை லட்சம் அல்ல, ஐந்து லட்சம் பேரை அனுப்பிவைக்க ஒப்பந்தம் போட்ட இடத்தில் 'வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது' என்று குறைசொல்வது சற்று வேடிக்கை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மலையக எழுத்தை வளர்த்த பரிசு எது என்று என்னைக் கேட்டால் சாகித்திய மண்டலத்தைச் சொல்லமாட்டேன். 1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் வீரகேசரியோடு சேர்ந்து நடத்திய சிறுகதைப் போட்டிகளைச் சொல்வேன். வீரகேசரியில் 'தோட்ட மஞ்சரி' பகுதியைக் கவனித்த எஸ்.எம். கார்மேகம் அவற்றின் பின்னால் நின்று உழைத்தார். பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாக வந்தன. இன்று மலையக இலக்கிய வரலாறு எழுதுகிற எவரும் இந்தப் போட்டிகளைக் கடந்துதான் போக வேண்டும். தெளிவத்தை ஜோசப்பும் அந்தப் போட்டிகளில் பரிசு வாங்கியவர்தான்.

போட்டியில் சேர என்ன வேண்டியிருந்தது? கொப்பித் தாள், பேனை, ஒரு முத்திரை. அவ்வளவுதான். பதுளைத் தோட்டத்துப் பாடசாலை ஆசிரியரும் டிக்கோயாவின் தேயிலை ஸ்டோரில் வேலை பார்ப்பவரும் ஒரே தபால் பையில் கதை அனுப்பலாம். நடுவர்களுக்கு வந்தது கதை மட்டும். அட்டை ஓவியம் கிடையாது, அணிந்துரை கிடையாது, பேராசிரியரின் பாராட்டு கிடையாது. வென்ற கதை நாளிதழில் வரும், தோட்டத்தில் ஒருவர் வாங்கும் பத்திரிகையைப் பத்துப் பேர் வாசிப்பார்கள். எழுதியவன் அடுத்த கதையை அன்றிரவே தொடங்குவான். பரிசும் அச்சும் வாசகரும் ஒன்றாக வந்து சேர்ந்த இடம் அது ஒன்றுதான்.

இப்போது நிலைமை தலைகீழ். அரச விருதாகட்டும், பெரும்பாலான தனியார் விருதுகளாகட்டும், முந்திய ஆண்டில் அச்சான நூலின் பிரதிகளை அனுப்பச் சொல்கின்றன. அச்சான நூல் என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. எழுதியவரே காசு போட வேண்டும். முந்நூறோ ஐந்நூறோ பிரதி அடிப்பார். நகை அடகுக்குப் போகும், அல்லது சீட்டுக் காசு போகும். பிறகு ஒரு வெளியீட்டு விழா. மண்டபத்துக்குக் காசு, ஒலிபெருக்கிக்குக் காசு, வருபவர்களுக்கு வடையும் தேத்தண்ணியும். முதற்பிரதியை ஒரு முதலாளி உறையில் காசு வைத்து வாங்குவார், சிறப்புப் பிரதிகளை வர்த்தகப் பிரமுகர்கள் வாங்குவார்கள், அச்சகக் கடனில் பாதி அன்றைக்குத் தீரும். மிச்சப் பிரதிகள் கட்டிலுக்கு அடியில் போகும். லயத்துக் காம்பிராவில் கட்டிலுக்கு அடியும் ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

இந்தச் செலவைத் தாங்கக்கூடியவர் யார்? அரச உத்தியோகத்தர், ஆசிரியர், வெளிநாட்டில் பிள்ளை இருப்பவர். நானும் அந்த வகைதான், ஆகவே யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. ஆனால் தோட்டத்தில் பேர் போட்டு நாட்சம்பளம் வாங்குகிறவர்? 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். ஒரு நல்ல நாவலை வாங்கவே ஒரு நாள் பேர் போதாமல் போகிற இடத்தில் நாவலை அச்சடிப்பது எங்கே? எனவே பரிசுக்கு வருகிற நூல்களில் தோட்டத்தைப் பற்றியவை இருக்கும். தோட்டத்திலிருந்து வருபவை குறைவாக இருக்கும். 'மலையகத்திலிருந்து தரமான ஆக்கங்கள் வருவதில்லை' என்று அடுத்தமுறை யாராவது நடுவர் சொன்னால், வாசலில் நுழைவுச்சீட்டு வைத்துவிட்டு உள்ளே கூட்டமில்லை என்கிறார் என்று எடுத்துக்கொள்வேன்.

இதே நாட்டில் ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. இங்கே பிறந்த மைக்கல் ஒண்டாச்சிக்கு 1992இல் புக்கர் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு அவர் தன் தாயின் குடும்பப் பெயரில் கிரேஷன் பரிசை நிறுவினார், இலங்கையில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதுவோருக்காக. அதற்கு அச்சிட்ட நூலை அனுப்பலாம், அச்சாகாத பிரதியையும் அனுப்பலாம். தட்டச்சுத் தாள்களைச் சுருள்கம்பி போட்டுக் கட்டிக் கொடுத்தாலும் நடுவர்கள் வாசித்தாக வேண்டும். பிறகு பதிப்பாளர் தேடி வருகிறார். கொழும்பில் ஆங்கிலம் எழுதுபவருக்குக் கைப்பிரதியோடு வரலாம் என்றும், பொகவந்தலாவையில் தமிழ் எழுதுபவருக்கு முதலில் அச்சகக் கடனை அடைத்துவிட்டு வா என்றும் இருப்பதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருடமாக யாரும் மாற்றவும் இல்லை. கொடகே நிறுவனம் கையெழுத்துப் பிரதிகளுக்குப் போட்டி நடத்தித் தமிழுக்கும் அதில் இடம் கொடுத்தது; அந்த ஒரு வாசல் திறந்திருந்ததைக் குறிப்பிடாமல் போனால் நன்றி கெட்டவனாவேன்.

பரிசு கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பது அடுத்த கதை. பிரான்சில் 1903இலிருந்து கொடுக்கப்படும் கொன்கூர் பரிசின் தொகை இன்று பத்து யூரோ. வாங்கியவர்களில் சிலர் அந்தக் காசோலையை மாற்றாமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறார்களாம். கவலை அவர்களுக்கு இல்லை, ஏனென்றால் பரிசு அறிவித்த வாரத்திலிருந்து அந்த நாவல் லட்சக்கணக்கில் விற்கிறது. நம்மிடம் தொகை அதைவிடப் பல மடங்கு பெரிது, பொன்னாடையும் உண்டு, விளக்கேற்றலும் உண்டு. விற்பனை? ஹட்டன் கடைத்தெருவில் இறங்கி, சென்ற வருடம் சாகித்திய விருது வாங்கிய தமிழ் நாவல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வினாத்தாள் தொகுப்பு இருக்கிறது, வேண்டுமா என்று கேட்பார்கள். நான் என் உயர்தர மாணவர்களுக்கு மலையகக் கதை ஒன்றைக் காட்ட வேண்டுமானால் நூலகம் இணையத்தளத்தில் தேடி, பக்கம் பக்கமாகப் படியெடுத்துத்தான் கொடுக்கிறேன். 2005இலிருந்து அதைக் கட்டியெழுப்பிய தன்னார்வலர்கள் மட்டும் இல்லையென்றால் நீங்கள் பரிசு கொடுத்த நூல்களில் பலவற்றை உங்களாலேயே இன்று பார்க்க முடியாது.

பரிசை வேறு விதமாகக் கொடுக்கலாம் என்பதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. கோயம்புத்தூரின் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2013இல் தன் விருதைத் தெளிவத்தை ஜோசப்புக்குக் கொடுத்தது. அதற்கு முன் இந்தியாவுக்கு வெளியே யாருக்கும் அது போகவில்லை. கொடுத்ததோடு நிற்காமல் அவருடைய கதைகளைத் தேர்ந்தெடுத்து 'மீன்கள்' என்ற தொகுதியாக நற்றிணை பதிப்பகம் வழியாகக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் பலர் அவரைப் படித்தது அப்போதுதான். விழாவுக்கு வந்தவர்கள் கதைகளைப் படித்துவிட்டு வந்து அவரிடம் கேள்வி கேட்டார்கள். எண்பதை நெருங்கிய மனிதருக்கு அதைவிட வேறென்ன மரியாதை? எங்களுக்குத்தான் ஓர் இக்கட்டு: பதுளை ஊவாக்கட்டவளையில் பிறந்தவரின் கதையை ஹட்டனில் வாசிக்கச் சென்னையிலிருந்து புத்தகம் வரவேண்டியதாயிற்று. தபால் செலவு புத்தக விலையை எட்டியது.

2022 ஒக்டோபர் 17ஆம் திகதி லண்டனில் இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலகவின் நாவலுக்குப் புக்கர் பரிசு அறிவித்தார்கள். மேடையில் அவர் சிங்களத்திலும் தமிழிலும் சில வார்த்தை பேசினார், கேட்க நன்றாக இருந்தது. அந்த வாரம் முடிவதற்குள், 21ஆம் திகதி, தெளிவத்தை ஜோசப் காலமானார். இரண்டையும் ஒப்பிட்டு அழ நான் வரவில்லை. கருணாதிலக அந்தப் பரிசுக்குத் தகுதியானவர். எனக்குப் பட்டது வேறு. புக்கர் அறிவித்த மறுநாளிலிருந்து அந்த நாவல் விமான நிலையக் கடைவரை அடுக்கப்பட்டது. ஜோசப்புக்கு இந்த நாடு கொடுத்த பரிசுகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அவருடைய 'காலங்கள் சாவதில்லை' நாவலை ஒரு தோட்டப் பாடசாலை நூலகத்தில் கொண்டுபோய் வைக்க அவை போதவில்லை.

நடுவர்களிடம் மட்டும் தனியாக ஒன்று. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் நிறை போடுவார்கள். பறித்தவள் வாய் திறக்க முடியாது. இராமையாவின் அந்தக் கதையே ஒருத்தி பறித்த கொழுந்தின் நிறை மீது விழுந்த சந்தேகத்தைப் பற்றியதுதான். மலையக நூல் என்றதும் உங்கள் மதிப்பீட்டில் இப்படியொரு கழிவு விழுகிறதோ என்று எனக்கு ஐயம் உண்டு. சில சமயம் அது கூட்டலாகவும் விழுகிறது. 'மண்வாசனை', 'உழைக்கும் மக்களின் குரல்' என்று இரண்டு வரி எழுதிவிட்டு, மொழி எப்படி, கட்டமைப்பு எப்படி, பாத்திரம் உயிரோடு இருக்கிறதா என்று பேசாமல் தாண்டிவிடுகிறீர்கள். அழுகையை மட்டும் பார்த்துப் பரிசு கொடுத்தால் அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அழுது ஒரு புத்தகம் வரும். வந்திருக்கிறது. கூட்டலும் வேண்டாம், கழிவும் வேண்டாம். ஏன் தேர்ந்தோம், ஏன் விட்டோம் என்று இரண்டு பக்கம் எழுதி வெளியிடுங்கள். தோற்றவனுக்கு அந்த இரண்டு பக்கம் பரிசைவிடப் பயன்படும். என் மாணவி ஒருத்தி போட்டியொன்றுக்கு அனுப்பிய கதைக்குச் சான்றிதழ் வந்தது. கதையை யார் வாசித்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று ஒரு வரிகூட வரவில்லை. கதையின் பிரதியும் திரும்பவில்லை. அவளிடம் வேறு பிரதி இல்லை.

அவளைச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கதைகளில் கொழுந்தெடுப்பவள்தான் நாயகி, எழுதியவர் பெரும்பாலும் ஆண். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடி, அந்தப் பாடல்களைச் சிறு நூலாகவும் அச்சிட்ட மீனாட்சி அம்மாள் இருந்தார். 1964இல் 'தூரத்துப் பச்சை' எழுதிய கோகிலம் சுப்பையா இருந்தார். பட்டியலை அதற்கு மேல் நீட்டப் பார்த்தால் மூச்சு வாங்குகிறது. அகில இலங்கைத் தமிழ்த்தினப் போட்டிக்கு என் பாடசாலையிலிருந்து எழுதப் போகிறவர்களில் பெண்பிள்ளைகள்தான் அதிகம், நன்றாக எழுதுகிறவர்களும் அவர்களே. பத்தொன்பது, இருபது வயதில் கொழும்புக்கு உடுப்புக் கடை வேலைக்கோ மத்திய கிழக்குக்கோ போய்விடுகிறார்கள். பாடசாலைப் போட்டிக்கும் அரச விருதுக்கும் நடுவில் அவர்கள் கையில் ஒரு கொப்பியாவது மிஞ்ச என்ன ஏற்பாடு இருக்கிறது? கைப்பிரதிக்குப் பரிசு கேட்பது முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

கேட்பது அதிகம் இல்லை. பரிசுத் தொகையில் பாதியைப் பரிசு பெற்றவர் கையிலும் மறுபாதியை அந்த நூலின் ஐந்நூறு பிரதிகளிலும் போடுங்கள். அந்தப் பிரதிகளை நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலைப் பாடசாலைகளுக்கு அனுப்புங்கள். பொன்னாடையை விட்டுவிட்டால் தபால் செலவு வந்துவிடும். பழைய பரிசு நூல்களில் வருடத்துக்கு ஒன்றை மறுபதிப்புச் செய்யுங்கள், 'ஒரு கூடைக் கொழுந்'திலிருந்து தொடங்கினால் நல்லது. புலம்பெயர்ந்த நண்பர்களுக்கும் இதையே சொல்கிறேன்: தாய் தகப்பன் பெயரில் விருது நிறுவ ஆசைப்படும்போது, சின்னத்தில் அந்தப் பெயரைப் பொறிப்பதைவிட ஒரு புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் அச்சடித்தால் அது அதிகம் பேர் கண்ணில் படும்.

இதெல்லாம் பேசி முடிவெடுக்க நாளாகும் என்றால், இப்போதைக்கு விண்ணப்பப் படிவத்தை மட்டும் திருத்துங்கள். 'அச்சிட்ட நூலின் பிரதிகள்' என்ற வரியை அடுத்து 'அல்லது கையெழுத்துப் பிரதி' என்று சேர்க்க அரை மணித்தியாலம் போதும். சேர்த்தால் பாடசாலைகளுக்கும் தோட்ட வாசகசாலைகளுக்கும் ஒரு கடிதம் போடுங்கள். முடிவுத் திகதியைச் சித்திரை, வைகாசியில் மட்டும் வைக்க வேண்டாம். மழை விழுந்து கொழுந்து கூடும் மாதங்கள் அவை; மலையிலிருந்து இறங்கி, சமைத்து, பிள்ளைகளைப் படுக்கவைத்த பிறகு எங்கள் ஆட்களுக்குப் பேனை பிடிக்கக் கை எழும்பாது. தைமாதக் கடைசி என்றால் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு தமிழாசிரியர்